வாத்து வீட்டுக்காரர் தலை உருண்டது, பில்லை பாஸ் செய்தவர் எங்கே? (பிரிட்டன் எம்.பி.க்கள் செலவுக் கணக்கு, 2009)

குரொய்டன் குமரன்

பிரிட்டன் எம்.பி.க்களின் செலவுக் கணக்கு ஊழல் என்றதும் இன்றைக்கும் பலருக்கு முதலில் நினைவு வருவது குளத்தில் மிதக்கும் ஒரு வாத்து வீடு. விலை 1,645 பவுண்ட். பில் கொடுத்தவர் கோஸ்போர்ட் தொகுதியின் கன்சர்வேடிவ் உறுப்பினர் சர் பீட்டர் விக்கர்ஸ். அந்த பில்லுக்குப் பணம் கொடுக்கப்படவே இல்லை. நாடாளுமன்றத்தின் கணக்கு அலுவலகத்தில் ஒருவர் 'அனுமதி இல்லை' என்று எழுதித் தள்ளிவிட்டார். ஒரு பைசா வாங்காத பில்லுக்காக ஒருவருடைய அரசியல் வாழ்க்கை முடிந்தது.

அடுத்தது இன்னொரு எம்.பி. டக்ளஸ் ஹாக்கின் அகழி. வீட்டைச் சுற்றியுள்ள அகழியைத் தூர்வார 2,115 பவுண்ட். அவர் சொன்ன விளக்கம் வேறு: வீட்டுச் செலவு எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் கொடுத்தேன், மாதம் இவ்வளவு என்று அலுவலகத்தோடு பேசி முடித்தோம், அகழிக்கென்று தனியாக நான் கேட்கவில்லை. இந்த விளக்கத்தைக் கேட்க 2009 மே மாதத்தில் யாருக்கும் பொறுமை இல்லை.

இதே சமயத்தில் நிஜமாகவே பெரிய பணம் போன வழி வேறு. லண்டனுக்கு வெளியே தொகுதி உள்ள எம்.பி.க்கு இரண்டாவது வீட்டுக்கென்று ஒரு படி அப்போது இருந்தது. 2008-09இல் அதன் உச்சவரம்பு 24,006 பவுண்ட். எது முதல் வீடு, எது இரண்டாவது வீடு என்று எம்.பி.யே சொல்லிக்கொள்ள முடிந்தது. இன்று இந்த வீட்டை 'இரண்டாவது' என்று காட்டிச் செப்பனிடுவது, அடுத்த வருடம் அந்த வீட்டை அப்படிக் காட்டுவது, விற்கும்போது வரித்துறையிடம் அதையே 'முதல் வீடு' என்று சொல்வது. இதற்கு 'ஃப்ளிப்பிங்' என்று பேர் வைத்தார்கள். இதில் மூன்று கட்சிக்காரர்களும் இருந்தார்கள், அமைச்சர்களும் இருந்தார்கள். ஆனால் அதைப் படம் பிடித்து முதல் பக்கத்தில் போட முடியாது. வாத்து வீட்டைப் போடலாம்.

யார் எவ்வளவு எடுத்தார் என்பதற்கும் யார் தலை உருண்டது என்பதற்கும் சம்பந்தமே இருக்கவில்லை என்பது என் வாதம். பேசுவோம்.

எதிர்ப்பாட்டு

குமரன், விக்கர்ஸுக்காகக் கண்ணீர் விடுவதற்கு முன்னால், இந்தக் கணக்குகளை வெளியிட்ட டெலிகிராஃப் பத்திரிகை எழுதியதை முழுசாகப் படிக்கவும். தோட்டப் பராமரிப்புக்கென்று அவர் வாங்கியது 30,000 பவுண்டுக்கு மேல். அது பாஸ் ஆன பணம். வாத்து வீடு கிடைக்கவில்லை என்பதால் ஆள் உத்தமர் ஆகிவிடவில்லை.

ஹாக் பற்றியும் ஒரு வார்த்தை. 2015இல் அவருக்கு பிரபுக்கள் சபையில் ஆயுள்கால இடம் கிடைத்தது. இப்படிப்பட்ட பலிகடா வாய்ப்பு எனக்குக் கிடைத்தால் நான் ரெடி.

சிறைக்குப் போனவர்களைப் பாருங்கள். டேவிட் சேட்டர் தன் மகளுக்கும் தாய்க்கும் வாடகை கொடுத்ததாகப் போலிக் காகிதம் காட்டினார், 18 மாதம். எலியட் மார்லி கட்டி முடித்த வீட்டுக் கடனுக்கு 30,000க்கு மேல் வாங்கினார், 16 மாதம். ஜிம் டிவைன் துப்புரவுக்கும் அச்சுக்கும் போலி பில், 16 மாதம். எரிக் இல்ஸ்லி, 12 மாதம். பிறகு 2013 டிசம்பரில் டெனிஸ் மெக்‌ஷேன், 6 மாதம். இரண்டு பிரபுக்கள் தனி. இவர்களில் யார் பலிகடா?

தணிக்கையர் (ஓய்வு)

நான் மாநில அரசுக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. எங்கள் ஆபீஸில் ஒரு பில் தவறாக பாஸ் ஆகிவிட்டால், பில் கொடுத்தவரை அப்புறம்தான் தேடுவார்கள். முதலில் பாஸ் செய்த கண்காணிப்பாளருக்கு மெமோ வரும். தொகை கொஞ்சம் பெரிதாக இருந்தால் 17-பி, அதாவது ஒழுங்கு நடவடிக்கை. ஓய்வூதியத்தில் கை வைக்கும்வரை விடமாட்டார்கள்.

அங்கே என்ன ஆயிற்று? 250 பவுண்டுக்குக் கீழ் இருந்தால் ரசீதே வேண்டாம் என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள். 2008இல்தான் அதை 25 ஆக்கினார்கள். சாப்பாட்டுக்கு மாதம் 400 பவுண்ட் வரை பில் இல்லாமலே கொடுத்தார்கள். ஜான் லூயிஸ் என்ற பெரிய கடையின் விலைப்பட்டியலை அலுவலகம் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு, அதற்குள் இருந்தால் டி.வி.யோ சமையலறையோ பாஸ். பட்டியல் இருப்பதை எம்.பி.க்களிடம் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் உச்ச விலைக்கே கேட்பார்கள் என்று பயம்!

ஆக, கேட்பவருக்கு விதி தெரியாது, கொடுப்பவருக்கு மறுக்கத் தைரியம் இல்லை. எம்.பி. 'மாண்புமிகு', இவர் குமாஸ்தா. அகழியையும் தோட்டத்தையும் அந்தக் கையெழுத்துகள்தான் தாங்கி நின்றன. வழக்கு என்று வந்தபோது கூண்டில் ஏறியவர்கள் எல்லாம் பில் கொடுத்தவர்கள். பாஸ் செய்த அலுவலகத்திலிருந்து ஒருவரும் இல்லை.

குமாஸ்தாவைத் தூக்கில் போடச் சொல்லவில்லை. அவருக்கு மேலே உட்கார்ந்து, 'பெருமனதோடு பாருங்கள்' என்று வழக்கம் வைத்தவர்களைச் சொல்கிறேன்.

குரொய்டன் குமரன்

ஐயா சொன்ன அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் கதையே இருக்கிறது. 1983இல் சம்பளக் குழு எம்.பி. ஊதியத்தை 14,510 பவுண்டிலிருந்து 19,000க்கு உயர்த்தச் சொன்னது. தாட்சர் அரசு ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்றினால் ஊர் சிரிக்கும். அப்புறம் எந்த அரசு வந்தாலும் இதே கதைதான். சம்பளத்தை அடக்கி வை, படியைத் தாராளமாக விடு. புதிதாக வந்த எம்.பி.யிடம், 'இது உன் சம்பளத்தின் மீதிப் பாதி, கூச்சப்படாமல் எடுத்துக்கொள்' என்கிற தொனியில்தான் பழையவர்கள் பேசினார்கள் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்த தலைமைகள் 2009இல் என்ன செய்தன? கோபப்பட்டன. மக்களைவிட அதிகமாகக் கோபப்பட்டன.

எதிர்ப்பாட்டு அண்ணே, சிறைக்குப் போனவர்கள் குற்றவாளிகள்தான், அவர்களுக்காக நான் வாதாடவில்லை. நான் சொல்வது இயன் கிப்சனைப் பற்றி.

நாரிச் வடக்குத் தொகுதி, தொழிற்கட்சி. புற்றுநோய் ஆய்வாளர், பல்கலைக்கழகப் பேராசிரியர். தலைமைக்கு எதிராக அடிக்கடி வாக்களிப்பவர். லண்டனில் படிப்பணத்தில் வாங்கிய பிளாட்டில் மகளை வாடகை இல்லாமல் இருக்க விட்டார், பிறகு சந்தை விலைக்குக் குறைவாக அவளுக்கே விற்றார். சரியா? சரியில்லை. அந்த விதிகளின்படி குற்றமா? யாரும் வழக்குப் போடவில்லை. ஆனால் கட்சி அவசரமாக ஒரு குழுவை உட்கார வைத்து, அடுத்த தேர்தலில் நிற்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே குழுவின் முன்னால் அதே வரிசையில் மார்லியும் சேட்டரும்! கட்டி முடித்த கடனுக்குப் பணம் வாங்கியவரும், மகளுக்கு வீடு கொடுத்தவரும் ஒரே தராசில்.

தொகுதி மக்கள் முடிவு செய்யட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த கிப்சன், கட்சி கைவிட்டதும் உடனே பதவியையே விட்டார். 2009 ஜூலையில் இடைத்தேர்தல். 2005இல் அவர் 5,459 வாக்கில் ஜெயித்த இடத்தில் கன்சர்வேடிவ் கட்சியின் க்ளோயி ஸ்மித் 7,348 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். இதே கட்சி இதே வாரங்களில் அமைச்சர்களை அந்தக் குழுவின் முன் நிறுத்தவில்லை.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி.

மீனலோசனி

அமைச்சர்கள் எல்லோரும் தப்பினார்கள் என்று சொல்லாதீர்கள் தம்பி. பெண் அமைச்சர்கள் தப்பவில்லை.

ஹேசல் பிளியர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாட் விற்றதில் மூலதன ஆதாய வரி கட்டவில்லை என்று செய்தி வந்ததும், டி.வி. கேமரா முன்னால் 13,332 பவுண்டுக்கு ஒரு செக்கைத் தூக்கிக் காட்டினார். பார்க்கவே சங்கடமான காட்சி, ஒத்துக்கொள்கிறேன். பிரதமர் கார்டன் பிரவுன் அவர் நடத்தையை ஏற்கவே முடியாது என்று பகிரங்கமாகச் சொன்னார். அதே மாதிரி வரிக் கேள்வி ஆண் அமைச்சர்கள் ஜெஃப் ஹூன் மீதும் ஜேம்ஸ் பர்னல் மீதும் எழுந்தது. இருவரும் மறுத்தார்கள். அவர்களைப் பற்றி பிரதமர் அப்படி ஒரு வார்த்தை பேசவில்லை. இடையில் ஒரு சின்னத் தகவல்: மே மாதத் தொடக்கத்தில்தான் பிளியர்ஸ் பிரவுனின் யூடியூப் பேச்சைக் கிண்டல் செய்து பத்திரிகையில் எழுதியிருந்தார்.

ஜாக்கி ஸ்மித் இன்னும் மோசம். உள்துறை அமைச்சர். லண்டனில் சகோதரி வீட்டில் தங்கிக்கொண்டு அதையே முதல் வீடு என்று காட்டி, ரெடிச்சில் குடும்பம் இருந்த வீட்டுக்கு 1,16,000 பவுண்ட் வரை வாங்கினார். அது கேள்வி கேட்க வேண்டிய விஷயம்தான். ஊர் பேசியது அதையா? கணவர் பார்த்த இரண்டு ஆபாசப் படத்துக்கான 10 பவுண்டையும், 88 பென்ஸ் குளியல்தொட்டி அடைப்பானையும்தான் பேசியது. கணவன் டி.வி. பார்த்ததற்கு மனைவி தலைகுனிந்து நிற்க வேண்டும், இது நமக்குப் பழக்கமான நீதிதான்.

எதிர்ப்பாட்டு

அக்கா, பிளியர்ஸ் 2010 தேர்தலில் மறுபடி ஜெயித்தார். பலி கொடுத்த ஆடு மறுவருடம் மேய்ந்துகொண்டிருந்தது.

மீனலோசனி

ஸ்மித் ஜெயிக்கவில்லையே. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஸ்கார்பரோ சிவா

இங்கே கனடாவில் நடந்ததைச் சொன்னால் எதிர்ப்பாட்டு அண்ணைக்கும் கொஞ்சம் யோசிக்க வேண்டி வரும். செனட்டர் மைக் டஃபி. ஒட்டாவாவில் பல வருடமாக வாழ்ந்துகொண்டு, பிரின்ஸ் எட்வர்ட் தீவுதான் தன் நிரந்தர வீடு என்று காட்டிப் படி எடுத்தார் என்பது குற்றச்சாட்டு. பிரதமர் ஹார்ப்பரின் தலைமை அலுவலர் நைஜல் ரைட் தன் சொந்தப் பணத்தில் 90,000 டாலருக்கு மேல் கொடுத்து அந்தக் கடனை அடைக்க வைத்தார், விஷயம் அமுங்கட்டும் என்று. அது வெளியே வந்ததும் 2013 நவம்பரில் டஃபி, பமேலா வாலின், பேட்ரிக் பிராஸோ மூவரையும் சம்பளம் இல்லாமல் செனட் இடைநீக்கம் செய்தது. வழக்கு முடியவில்லை, தொடங்கவே இல்லை, அதற்குள் தண்டனை.

2016 ஏப்ரலில் நீதிபதி 31 குற்றச்சாட்டிலும் டஃபியை விடுவித்தார். பிரதமர் அலுவலகம் நடந்துகொண்ட விதத்தைத் தீர்ப்பில் கிழித்து எடுத்தார். வாலின் மேல் வழக்கே போடப்படவில்லை. பிராஸோ மேல் இருந்ததைத் திரும்பப் பெற்றார்கள்.

இடையில் தலைமைத் தணிக்கையாளர் எல்லாச் செனட்டர்களின் கணக்கையும் பார்த்து 30 பேர் மேல் குறை சொன்னார். கேள்விக்குள்ளான தொகை கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலர். தணிக்கைக்கு ஆன செலவு 2.3 கோடி டாலருக்கு மேல்.

நெறியாளர்

கனடா செனட்டுக்குத் தனி இழை திறக்கலாம். இங்கே ஒப்பிடுவதற்கு மட்டும். 'ஆண்டி' பழமொழிக்கு வந்த புகாரைப் பார்த்தேன், அது இருக்கட்டும்.

தணிக்கையர் (ஓய்வு)

பத்து லட்சத்தைப் பிடிக்க இரண்டேகால் கோடி! லண்டனில் அவ்வளவு மோசம் இல்லை, ஆனால் வகை அதே வகை. சர் தாமஸ் லெக் என்ற ஓய்வுபெற்ற அதிகாரியை வைத்து ஐந்து வருடக் கணக்கைத் தோண்டினார்கள். 2010 பிப்ரவரியில் அறிக்கை. திருப்பிக் கட்டச் சொன்ன தொகை சுமார் 11.2 லட்சம் பவுண்ட். தோண்டிய செலவு 11.6 லட்சம்.

அதைவிட எனக்கு உறுத்தியது அவர் வைத்த அளவுகோல். துப்புரவுக்கு வருடம் 2,000, தோட்டத்துக்கு 1,000 என்று ஒரு வரம்பை 2009இல் உட்கார்ந்து போட்டு, 2004இலிருந்தே அது இருந்ததுபோல் கணக்குப் பார்த்தார். அன்றைக்கு இல்லாத விதியை ஒருவர் எப்படி மீறுவார்? கார்டன் பிரவுனே அப்படித்தான் 12,415 பவுண்ட் திருப்பிக் கட்டினார், பெரும்பகுதி துப்புரவுக் கூலி. மேல்முறையீட்டைக் கேட்ட முன்னாள் நீதிபதி சர் பால் கென்னடி பல பேருடைய தொகையைத் தள்ளுபடி செய்தார். அது உள்பக்கத்தில் சின்னதாக வந்தது. 'கட்டச் சொன்னார்கள்' என்பது முதல் பக்கத்தில் வந்தது.

வெம்பிளி வாசன்

நான் இந்த விஷயத்தில் நடுநிலையாக இருக்க முடியாதவன். அந்த ஏப்ரலிலும் மே மாதத்திலும் நாங்கள் ஆயிரக்கணக்கான தமிழர் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்றோம். முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்தது. டெலிகிராஃப் செய்தி மே 8. யுத்தம் முடிந்தது என்று கொழும்பு அறிவித்தது மே 18. சபாநாயகர் பதவி விலகுவதாகச் சொன்னது மே 19. வெளியே கொடியோடு நின்ற எங்களைத் தாண்டி உள்ளே போன எம்.பி.க்கள் பலருடைய முகத்தில் தெரிந்தது தங்கள் கணக்கு நாளைக்குப் பேப்பரில் வருமா என்ற பயம் மட்டும்தான். அதனால் அவர்களில் யார் அதிகமாகத் தண்டிக்கப்பட்டார், யார் குறைவாக என்று அளந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மன்னிக்கவும்.

குரொய்டன் குமரன்

வாசன் அண்ணை, நீங்கள் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. நானும் அந்தச் சதுக்கத்துக்கு வந்தவன்தான்.

நீங்கள் சொன்ன சபாநாயகர் கதையையும் எழுதிவிடுகிறேன். மைக்கேல் மார்ட்டின், கிளாஸ்கோவில் தகரப் பட்டறைத் தொழிலாளியாக இருந்து தொழிற்சங்கம் வழியாக வந்தவர். லண்டன் பத்திரிகைகள் அவரை 'கோர்பல்ஸ் மிக்' என்று கேலி செய்தன. கோர்பல்ஸ் என்பது கிளாஸ்கோவின் ஏழைப் பகுதி. அவர் பிறந்தது அங்கே கூட இல்லை, ஆண்டர்ஸ்டனில். மே 11ஆம் தேதி சபையில், வெளிப்படைத்தன்மை கேட்ட எம்.பி. கேட் ஹோயி மேல் எரிந்து விழுந்தார். எட்டே நாளில் போய்விடுவதாக அறிவிக்க வேண்டி வந்தது. 1695இல் லஞ்சத்துக்காக வெளியேற்றப்பட்ட சர் ஜான் டிரெவருக்குப் பிறகு இப்படி விரட்டப்பட்ட முதல் சபாநாயகர். 314 வருடம்!

600க்கு மேற்பட்ட எம்.பி.க்கள் சேர்ந்து தின்ற பந்தியில் எச்சில் இலை எடுக்க ஒருவரை மட்டும் நிறுத்திய மாதிரி. அவரை அனுப்பியதும் தலைவர்கள் எல்லோரும் ஒரு மூச்சு விட்டார்கள் பாருங்கள், அதைத்தான் நான் சொல்கிறேன்.

எதிர்ப்பாட்டு

வர்க்க அவமதிப்பு நடந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மார்ட்டினை அப்பாவியாக்க முடியாது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஹெதர் புரூக் உள்ளிட்ட பத்திரிகையாளர்கள் கணக்கைக் கேட்டபோது, கொடுக்க மாட்டேன் என்று உயர் நீதிமன்றம் வரை போனது அவர் தலைமையில் இருந்த நிர்வாகம். 2008 மே மாதம் அங்கே தோற்றது. அதற்கு முந்தைய மே மாதம், நாடாளுமன்றத்தையே சட்டத்திலிருந்து விலக்கும் மசோதா ஒன்று கீழ்சபையில் 96-25 என்று நிறைவேறியிருந்தது. பிரபுக்கள் சபையில் அதை எடுத்துச் செல்ல ஓர் ஆள் கிடைக்காததால் செத்தது.

கடைசியில் 2009 ஜூனில் அவர்களாக வெளியிட்ட கணக்கைப் பார்த்தீர்களா? பக்கம் பக்கமாகக் கறுப்பு மை. முகவரி எல்லாம் அடிக்கப்பட்டிருந்தது. முகவரி இல்லாமல் ஃப்ளிப்பிங்கைக் கண்டுபிடிக்கவே முடியாது. கறுப்பு மை இல்லாத கணக்கு இருந்த டிஸ்க் கசிந்திருக்காவிட்டால், டெலிகிராஃப் அதற்குக் காசு கொடுத்திருக்காவிட்டால், நாம் இன்று கிப்சனுக்காக வாதாட இந்த இழையே இருந்திருக்காது. அதனால் எனக்கு அந்தப் பத்திரிகையின் வாத்துப் பித்து ஒரு குறையாகத் தெரியவில்லை. வாத்து வீடு இல்லாமல் பேப்பர் விற்றிருக்குமா?

குரொய்டன் குமரன்

விற்றிருக்காது. அங்கேதான் வினை. பேப்பர் விற்க வாத்து வேண்டும், கட்சிக்குத் தப்பிக்க கிப்சன் வேண்டும்.

புதியவன் மதுரை

ஒரு சந்தேகம். நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சிறப்புரிமை உண்டே, வழக்கு எப்படிப் போட்டார்கள்?

தணிக்கையர் (ஓய்வு)

அதைத்தான் சேட்டர், மார்லி, டிவைன் மூவரும் ஹானிங்ஃபீல்டு பிரபுவும் கேட்டார்கள். 1689 உரிமை மசோதாவின் ஒன்பதாவது பிரிவு, சபைக்குள் பேசுவதற்கும் நடவடிக்கைகளுக்கும் நீதிமன்றத்தில் கேள்வி இல்லை என்கிறது. படிக்காகப் படிவம் நிரப்பிக் கொடுப்பது சபை நடவடிக்கை ஆகாது என்று 2010 இறுதியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒன்பது நீதிபதிகள்.

ஸ்கார்பரோ சிவா

நெறியாளர் கோபிக்க வேண்டாம், இது ஒப்பீடுதான். கனடாவில் விடுதலையான டஃபி, சம்பளமில்லாமல் நிறுத்தியதற்கு நட்டஈடு கேட்டுச் செனட் மேல் வழக்குப் போட்டார். அது சபையின் சிறப்புரிமைக்குள் வருகிறது, நாங்கள் தலையிட முடியாது என்று ஒன்டாரியோ நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டிலும் அதே. லண்டனில் உறுப்பினரைக் காப்பாற்றாத சிறப்புரிமை, இங்கே உறுப்பினரைத் தண்டித்த சபையைக் காப்பாற்றியது.

மீனலோசனி

அப்புறம் என்ன மாறியது அங்கே? அதையும் யாராவது சொல்லுங்கள்.

தணிக்கையர் (ஓய்வு)

'இப்சா' என்று ஒரு சுதந்திர அமைப்பை 2009 ஜூலையில் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். 2010 மே மாதத்திலிருந்து கணக்கு அவர்கள் கையில். வீட்டுக் கடன் வட்டிக்குப் படி கொடுப்பது போயிற்று, வாடகை மட்டும். ஒவ்வொரு பில்லும் பொதுவில். எம்.பி.க்கள் புலம்பினார்கள், ரயில் டிக்கெட்டுக்குக்கூட விளக்கம் கேட்கிறார்கள் என்று. கேட்கட்டும், நாங்கள் எல்லாம் அப்படித்தான் வேலை பார்த்தோம்.

சம்பளத்தை நிர்ணயிக்கும் வேலையும் அவர்களிடம் போயிற்று. 2015இல் ஒரே தாவலில் 74,000 பவுண்டாக உயர்த்தினார்கள். தலைவர்கள் எதிர்த்தார்கள், அமைப்பு கேட்கவில்லை. 1983இல் நேர்மையாகச் செய்திருக்க வேண்டிய காரியம் 32 வருடம் கழித்து நடந்தது. நடுவில் 149 பேர் 2010 தேர்தலில் நிற்காமலே ஒதுங்கினார்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவ்வளவு பேர் அதுவரை ஒரே தேர்தலில் விலகியதில்லை. எல்லோரும் இந்த விவகாரத்தால் என்று சொல்ல மாட்டேன், வயதானவர்களும் தோற்கப் போகிறவர்களும் உண்டு.

எதிர்ப்பாட்டு

கிப்சனை உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன் குமரன். லெக்கின் பின்தேதி விதியையும் ஐயாவுக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் பலிகடாப் பட்டியலை நீட்டும்போது ஹானிங்ஃபீல்டு பெயரை யாரும் சேர்த்துவிட வேண்டாம். 2011இல் ஒன்பது மாதத் தண்டனை, வெளியே வந்தார், மறுபடி சபைக்குப் போனார். பிரபுக்கள் சபைக்கு வருகைப் படி அப்போது நாளுக்கு 300 பவுண்ட். 2013 ஜூலையில் மிரர் பத்திரிகை அவரைப் பின்தொடர்ந்து பார்த்ததில், 11 நாட்கள் 40 நிமிடம்கூட உள்ளே இருக்காமல் படியை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். 3,300 பவுண்டைத் திருப்பிக் கட்டச் சொல்லி மறுபடி இடைநீக்கம்.

குரொய்டன் குமரன்

சேர்க்கவில்லை. அந்த ஆளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.